வெள்ளிக்கிழமை அழிந்த கேசட்டுகள்

ஜவாஹிர் சேர் காலமான செய்தி எனக்கு ஒரு மரக்கறி லொறியில் வந்தது. வெலிமடையிலிருந்து பதுளைச் சந்தைக்கு லீக்ஸ் ஏற்றிக்கொண்டு போய்த் திரும்பிய லொறிக்காரர், எங்கள் பாடசாலை வாசலில் வண்டியை நிறுத்தி, இறங்காமலே சொன்னார். "ரெஜினா டீச்சர், ஒங்களோட வேல செஞ்சாரே ஜவாஹிர் சேர், அவரு நெஞ்சு வலி வந்து மவுத்தாயிட்டாரு. நேத்துப் பகலே அடக்கம் பண்ணிட்டாங்க." பஸ் ஓடாத வாரம் அது. சுவரில் கிளர்ச்சிக்காரர்களின் எந்த நோட்டீஸ் ஒட்டப்படும், அதைப் பார்த்து எந்தக் கடை மூடும் என்று யாருக்கும் தெரியாத நாட்கள். பதுளைக்குப் போயிருந்தாலும் நான் பார்த்திருக்கப் போவது மூடிய மண்ணைத்தான். அழுகை பிறகுதான் வந்தது. முதலில் வந்தது கோபம். நெஞ்சு வலி இருக்கிறது என்று ஒரு வார்த்தை எழுதிப் போட்டிருக்கலாம் இந்த மனிதர். ஆனால் சொல்லாமல் கொள்ளாமல் எழுந்து போவது அவருக்குப் புதிதில்லை. கூட்டங்களிலிருந்தும் அப்படித்தான் போவார்.

அவரிடம் பயிற்சி பெற்று இன்று ஊவாத் தோட்டங்களில் கணிதம் படிப்பித்துக்கொண்டிருக்கும் உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நீங்கள் அவரைப் பற்றி நல்லதையே பேசுவீர்கள், பேச வேண்டியதுதான். நான் அவரோடு ஒரே அறையில் கணிதம் எடுத்தவள். பாதிப் பாடம் அவருக்கு, பாதிப் பாடம் எனக்கு, சண்டை முழுவதும் இரண்டு பேருக்கும். அதனால் என் நினைவுகள் கொஞ்சம் கரடுமுரடாக இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் எடுத்துக்கொண்ட பிறகு, அவற்றுக்கு ஆசிரியர்களைத் தயாரிக்க நடந்த பயிற்சி வகுப்பு எங்களுடையது. பதுளையில், தகரக் கூரை போட்ட ஒரு பழைய கட்டடம். கணிதத்தை நவீன சாதனங்களோடு கற்பிக்கப் பழக்க வேண்டும் என்று மேலிடத்தில் முடிவாகி, சுவரில் படம் விழுத்தும் பெரிய கருவி ஒன்று மரப்பெட்டியில் வந்து இறங்கியது. எங்கள் பயிலுநர்கள் போகப்போகும் பாடசாலைகளில் மின்சாரம் கிடையாது. தேயிலை ஃபெக்டரியில் உண்டு, துரை பங்களாவில் உண்டு, பாடசாலையில் மட்டும் இல்லை. அந்தப் பெட்டியின் மேல் நாங்கள் தேநீர்க் கோப்பைகளை வைத்தோம். அதைவிட நல்ல உபயோகம் அதற்கு வாய்க்கவில்லை.

ஜவாஹிர் சேர் அதைப் பார்த்துச் சிரிக்கவும் இல்லை, மேலிடத்துக்கு முறைப்பாடு எழுதவும் இல்லை. பதுளைக் கடைத்தெருவில் அவருடைய அண்ணனுக்குப் புடவைக்கடை இருந்தது. அங்கே பாட்டுக் கேட்க வைத்திருந்த டேப் ரெக்கோடர் ஒன்றை ஒருநாள் சாரத்துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து சேர்ந்தார். பெட்டரியில் ஓடுவது. பெட்டரி தீர்ந்தால் எறிய மாட்டார். ஜன்னல் கட்டையில் வரிசையாக வெயிலில் காயவைத்து, இன்னும் கொஞ்சம் உயிர் இருக்கிறது என்று திரும்பப் போடுவார். அப்பளம் காய்கிறதா சேர் என்று நான் கேட்டதற்கு, பொரித்ததும் தருகிறேன் என்றார்.

அவருடைய யோசனை எளிமையானது. பயிலுநர் சில பிள்ளைகளுக்குச் சின்னதாக ஒரு கணிதப் பாடம் நடத்த வேண்டும். அது பதிவாகும். பிறகு அதைத் தானே போட்டுக் கேட்க வேண்டும். அவ்வளவுதான். அதைக் கேட்டு எனக்கே சப்பென்றுதான் இருந்தது.

முதல் நாள் பயிலுநர்களில் சந்தனம் என்ற பையனை மைக்குக்கு முன்னால் நிறுத்தினோம். பூனாகலைப் பக்கத்துப் பையன், கெட்டிக்காரன். சிவப்புப் பொத்தானை சேர் அமுக்கியதும், சந்தனம் கைகளைத் தொடையோடு ஒட்டிக்கொண்டு விறைத்து நின்றான். தன் பெயர், தகப்பன் பெயர், தோட்டம், டிவிஷன், குடியிருக்கும் லயம், தாத்தா இந்தியாவில் எந்த ஊரிலிருந்து எந்த வருஷம் வந்தார் என்று ஒப்பிக்கத் தொடங்கிவிட்டான். பிரஜாவுரிமை விசாரணையில் சொல்கிற அதே வரிசை. அறை முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன். சேர் சிரிக்கவில்லை. அந்த அறையில் இருந்த ஒவ்வொரு குடும்பமும் ஏதோ ஓர் ஒஃபீசில் அப்படி நின்று வாய்மொழி கொடுத்த குடும்பம். ஒருவர் பேசுவதை இன்னொருவர் பதிவுசெய்தால் அதற்கு அவர்களுக்குத் தெரிந்த அர்த்தம் ஒன்றுதான்: நாளைக்கு அது நமக்கு எதிராக எழுந்து நிற்கும்.

அவர் பதிவை நிறுத்திவிட்டு எல்லாருக்கும் ஒரு வாக்குக் கொடுத்தார். பதிவைப் பேசியவர் மட்டும்தான் கேட்கலாம், அதுவும் பின்னறையில் தனியாக. அவர் விரும்பி அழைத்தாலொழிய நானோ ரெஜினா டீச்சரோ அந்தப் பக்கம் வர மாட்டோம். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் போகும் முன்னால் எல்லாக் கேசட்டுகளையும் உங்கள் கண் முன்னாலேயே அழித்துவிடுவேன். "இது சாட்சி சொல்ற மிஷின் இல்ல," என்றார். "நம்ம மூஞ்சிய நாமளே பாக்குற கண்ணாடி. கண்ணாடி பாக்கக்குள்ள பக்கத்துல ஆள் தேவல்ல."

பிறகு தன் பாடத்தையே முதலில் பதிவுசெய்து எங்கள் எல்லாருக்கும் போட்டுக் காட்டினார். இருபது வருஷம் படிப்பித்த மனிதர். கேள்வி கேட்கிறார்; பிள்ளை மூச்சை இழுப்பதற்குள் தானே விடையும் சொல்கிறார். மறுபடி கேட்கிறார், மறுபடி தானே சொல்கிறார். முழுப் பாடத்திலும் பிள்ளைகள் பேசியது ‘ஆமாங்க சேர்’ மட்டும்தான். பதிவு ஓடி முடிந்ததும் அவர் எங்களைப் பார்த்து, "நான் கேள்வியே கேக்கல்ல. அறிவித்தல் வாசிச்சிருக்கேன்," என்றார். அன்றைக்குப் பிறகு அந்த அறையின் பாடம் ஒன்றே ஒன்றாகிவிட்டது. கேள்வி கேட்டால் காத்திரு. பிள்ளையின் தலைக்குள் கணக்கு ஓட இடம் விடு. உன் வாய் துடிக்கும், கட்டிப்போடு.

சொல்லச் சுலபம். செய்து பாருங்கள். வகுப்பில் சத்தமில்லாமல் நிற்கும் ஆசிரியர், உடுப்பில்லாமல் நிற்பது போல் கூசிப்போவார். பயிலுநர்கள் பின்னறைக்குள் போய்த் தங்கள் குரலைக் கேட்டுவிட்டு முகம் சிவந்து வெளியே வருவார்கள். அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம் பொறுப்பார்கள். அதை மிக நன்றாகப் பழகிக்கொண்டவள் பாக்கியம்.

பாக்கியம் ஹாலிஎலப் பக்கத்துத் தோட்டத்துப் பெண். அப்பா இல்லை, அம்மாவுக்குக் காலில் ஆறாத புண். இரண்டு வருஷம் கொழுந்து பறித்துவிட்டுப் பயிற்சிக்கு வந்தவள். செய்முறைப் பரீட்சையில் தேறினால் தன் தோட்டப் பாடசாலையிலேயே நியமனம். தவறினால் மறுபடி விடியற்காலை வேலைக்கு ஆள் எடுக்கும் பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்து, கூடையை மாட்டிக்கொண்டு மலை ஏற வேண்டியதுதான். அவளுக்கு இரண்டாவது வாய்ப்பு இல்லை. அந்த வருஷத்தோடு வகுப்பை மூடப்போகிறார்கள் என்று எங்களுக்குத் தெரிந்திருந்தது.

பரீட்சை அவளுடைய தோட்டப் பாடசாலையில் நடந்தது. வெளியிலிருந்து வந்த பரீட்சகர் யாழ்ப்பாணத்துக்காரர். கேத்திரகணிதத்தில் புலி என்று பெயர் வாங்கியவர், கண்டிப்பானவர், அநியாயக்காரர் அல்லர். முன்னால், கதவோரம், அவருக்கு ஒரு கதிரை போட்டோம். நானும் சேரும் பின்சுவரோடு நின்றோம். பாக்கியமே கேட்டுக்கொண்டபடி, டேப் ரெக்கோடர் பிள்ளைகள் உட்காரும் வாங்கில் ஓடிக்கொண்டிருந்தது. வெளியே மழை தகரத்தில் கொட்டியது.

ரொட்டியில் பாதி, பாதியில் பாதி. அதுதான் பாடம். அவள் கேட்டாள்: "பாதி ரொட்டிய எடுத்து, அதுல பாதிய தம்பிக்குக் குடுத்துட்டேன். முழு ரொட்டியில தம்பிக்கு எவ்வளவு போச்சு?" கேட்டுவிட்டு நின்றாள். நின்றாள். மழை மட்டும் கேட்டது. பரீட்சகர் பேனாவைத் திறந்தார். பிள்ளைகளின் உதடுகள் அசைவதைப் பின்னாலிருந்து நான் பார்த்தேன். ஒருவர் காதுக்குள் ஒருவர் ஏதோ முணுமுணுத்தார்கள். கதிரையில் இருந்தவருக்கு அது கேட்டிருக்க வழியில்லை. பிறகு ஒரு பிள்ளை எழுந்து கால்வாசி என்றது. நல்ல பாடம். என் மனதுக்குள் நான் அவளுக்கு நியமனமே கொடுத்துவிட்டேன்.

ஒஃபீஸ் அறையில் பரீட்சகர் சொன்னது வேறு. பாக்கியத்துக்குப் பாடம் மறந்துபோய்விட்டது, திரும்பத் திரும்ப வாயடைத்து நின்றாள், வகுப்பு செத்துக் கிடந்தது, தோட்டத்துப் பேச்சை விடவும் இல்லை, தேர்ச்சி கொடுக்க வழியில்லை என்றார். அதைச் சொல்ல அவருக்கும் சந்தோஷமில்லை என்பது முகத்தில் தெரிந்தது. நான் குறுக்கே விழுந்து, அவள் மறக்கவில்லை, காத்திருந்தாள், அப்படித்தான் நாங்கள் பழக்கியிருக்கிறோம் என்றேன். பரீட்சகர் நியாயமாகவே பதில் சொன்னார். "நீங்கள் சொல்லுறதை நான் எப்படி நம்புறது? அந்த மௌனத்துக்குள்ள ஏதும் நடந்தது எண்டால் காட்டுங்கோ." அவருடைய பார்வை மேசையில் இருந்த டேப் ரெக்கோடருக்குப் போனது. எனக்கும் உயிர் வந்தது. போடுங்கள் சேர் என்றேன்.

ஜவாஹிர் சேர் அதைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார். "அது பாக்கியத்துட பதிவு. அவட்டக் கேக்காம நான் போட மாட்டேன்."

அந்த நேரத்தில் அவரை நான் வெறுத்தேன். மறைக்க ஒன்றுமில்லை, வெறுத்தேன்தான். ஒரு பெண்ணின் பிழைப்பு மேசையில் கிடக்கிறது, இவர் வாக்குச் சுத்தம் பார்க்கிறார். வாசலில் சேலை நுனியைத் திருகிக்கொண்டு நின்றவளை நானே உள்ளே கூட்டி வந்து, ஒரு சொல் சொல்லு, எல்லாம் சரியாகிவிடும் என்றேன். நடந்ததை விளக்கிச் சொன்னேன். அவள் பரீட்சகரைப் பார்த்தாள், சேரைப் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்.

"ஏங் கொரலுன்னா போட்டுக்கங்க டீச்சர். அதுல புள்ளைங்க கொரலுல்ல இருக்கு. தப்பா சொன்னாலும் இந்த ரூமத் தாண்டிப் போவாதுன்னு நான் அதுகளுக்குச் சொல்லியிருக்கேங்க."

சேர் கொடுத்த வாக்கை இவள் அப்படியே எடுத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்திருக்கிறாள். அதை நினைத்துப் பெருமைப்படும் நிலையில் நான் இருக்கவில்லை. அடுத்த வாரம் இவள் கூடையோடு மலையில் நிற்பாள் என்பதுதான் என் கண்ணில் நின்றது. சேரைப் பார்த்தேன். அவர் நெற்றி வேர்த்திருந்தது. ஆனால் கை அந்தப் பொத்தான்களின் பக்கம் போகவில்லை.

கடைசியில் வழியையும் அவளே கேட்டாள். இன்னொரு பாடம் எடுக்கட்டுமா, பரீட்சகர் சேர் கதிரையில் இல்லாமல் பிள்ளைகளோடு வாங்கில் உட்கார்ந்து பார்க்க முடியுமா என்றாள். அவர் மறுத்திருக்கலாம், மறுத்திருந்தால் அவர் மேல் குற்றம் சொல்ல யாருக்கும் வாயில்லை. பேனாவை மூடிச் சட்டைப் பையில் குத்திக்கொண்டு எழுந்தார்.

உயரமான மனிதர். சின்ன வாங்கில், முழங்கால் மேசையில் இடிக்க, ஒரு சிறுமியின் பக்கத்தில் ஒடுங்கி உட்கார்ந்தார். பாக்கியம் எல்லாருக்கும் ஒரே நீளத்தில் கடதாசித் துண்டுகள் கொடுத்தாள். அவருக்கும் ஒன்று. பாதியாக மடிக்கச் சொன்னாள். இன்னொரு துண்டை மூன்று சம பங்காக மடிக்கச் சொன்னாள். பிறகு கேட்டாள்: "பாதி பெருசா, மூணுல ஒண்ணு பெருசா? ஏன்னு சொல்லணும்."

நின்றாள்.

இந்தமுறை உதடுகள் அசையவில்லை. பெரிய துரை ஒருவர் நடுவில் வந்து உட்கார்ந்தால் எந்தப் பிள்ளை வாய் திறக்கும்? மழையும் விட்டிருந்தது, சத்தம் என்று சொல்ல ஒன்றுமே இல்லை. முதல் பாடத்தில் பரீட்சகர் குறை சொன்ன செத்த வகுப்பு இப்போது நிஜமாகவே கண் முன்னால் கிடந்தது. விடையைச் சொல்லிவிடு, ஒரு சின்னக் குறிப்பாவது கொடுத்துவிடு என்று எனக்குள் கத்தினேன். பாக்கியத்தின் வாய் லேசாகத் திறந்தது. பேசப்போகிறாள் என்று நினைத்தேன். பேசவில்லை. என் பக்கத்தில் ஜவாஹிர் சேர் கண்ணை மூடிக்கொண்டார். அவர் உதடுகள் மட்டும் அசைந்தன. ஏதோ ஓதினார் என்று நினைக்கிறேன்.

அப்போது பரீட்சகரின் பக்கத்தில் இருந்த சிறுமி, தன் துண்டை அவருடையதோடு ஒட்டிவைத்துப் பார்த்தாள். மூன்றாக மடிப்பது லேசில்லை. அவருக்கும் ஒரு பங்கு நீண்டுபோயிருந்தது. அவள் அவரை நிமிர்ந்து பார்க்காமலே, பக்கத்தில் இருக்கும் கூட்டாளியிடம் கேட்பதுபோலக் கேட்டாள். "நமக்கு ரெண்டு பேருக்கும் வேற வேற மாதிரி வந்திருக்கு. நீங்க எப்பிடி மடிச்சீங்க?"

அவர் குனிந்து, தாழ்ந்த குரலில் அவளுக்கு ஏதோ பதில் சொன்னார். அவள் தலையாட்டினாள், மறுத்தாள், தன் துண்டைப் பிரித்து மறுபடி மடித்துக் காட்டினாள். அவரும் தன்னுடையதைப் பிரித்தார். முன் வாங்கில் இருந்த பையன் திரும்பிப் பார்த்தான். அதற்கப்புறம் அறை முழுக்க முணுமுணுப்பு எழுந்தது. கூடப் பேருக்குப் பங்கு வைத்தால் ஒவ்வொருவருக்கும் குறையத்தானே வரும் என்று யாரோ சொல்ல, இல்லை மூன்று பெரிய எண் என்று யாரோ சண்டை பிடிக்க, பாக்கியம் இன்னும் ஒரு வார்த்தை சொல்லாமல் நின்றாள். பிள்ளைகளே அதைத் தீர்த்தார்கள்.

வெளியே வராந்தாவில் பரீட்சகர் மடித்த கடதாசியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். "பிள்ளையள் யோசிக்கிற சத்தம் எனக்குக் கதிரையில இருந்து கேக்கேல்லை," என்றார். பாக்கியம் தேறினாள். பெரிய புள்ளிகள் இல்லை. தேறினாள், அது போதும்.

திரும்பி வரும் பஸ்ஸில் நான் சேரோடு பேசவில்லை. அந்த வெள்ளிக்கிழமை, சொன்னபடி, பாக்கியத்தின் முன்னால் அந்தக் கேசட்டையும் அழித்தார். அதுவும் எனக்கு எரிந்தது. பயிற்சி வகுப்பு மூடப்பட்டு நான் வெலிமடைக்கு மாற்றலாகிப் போன பிறகும், காணும்போதெல்லாம் அதை இழுப்பேன். கையில் ஆதாரத்தை வைத்துக்கொண்டு ஒரு பெண்ணை அந்தப் பாடு படவிட்டீர்களே, அந்தச் சிறுமி வாய் திறக்காமல் இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று. அவர் சிரித்து மழுப்புவார். போன நோன்புப் பெருநாளைக்கு அவர் வீட்டுக்குப் போனபோதும் வட்டிலப்பத்தை வாயில் வைத்துக்கொண்டே அதே கேள்வியைக் கேட்டேன். அன்றைக்கு அவர் மழுப்பவில்லை.

"டீச்சர், அதுல என்ன இருந்திச்செண்டு எனக்குத் தெரியாது. நான் கேக்கவே இல்லியே," என்றார். "பெட்டரி மழையில மெலிஞ்சு, டேப் சுத்திச்சா இல்லியா எண்டு கூடத் தெரியாது."

நான் வட்டிலப்பத் தட்டைக் கீழே வைத்தேன். இத்தனை வருஷமும், ஜெயிக்கிற சீட்டைக் கையில் மறைத்து வைத்திருந்தார் என்றுதான் அவரை ஏசிக்கொண்டிருந்தேன். அவர் கையில் ஒன்றுமே இருக்கவில்லை. அவள் சரியாகத்தான் நின்றாள் என்ற நம்பிக்கையைத் தவிர வேறு எதுவும் இல்லாமல், அந்தப் பின்சுவரோடு கண்ணை மூடிக்கொண்டு நின்றிருக்கிறார்.

பாக்கியம் இப்போதும் அதே தோட்டத்தில் படிப்பிக்கிறாள். சந்தனமும் நன்றாக இருக்கிறான். அவர்களைப் பற்றி எனக்குக் கவலையில்லை. என்னைப் பற்றித்தான். லொறி போன பிறகு நான் வகுப்புக்குத் திரும்பிப் போய், பலகையில் ஒரு கணக்கை எழுதி, பிள்ளைகளிடம் கேள்வி கேட்டேன். விடை வரவில்லை. சோக்குத் தூள் ஒட்டிய கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். வருமா வராதா என்ற அந்தப் பயம், இத்தனை வருஷத்துக்குப் பிறகும், அப்படியே திரும்பி வந்தது. ஜவாஹிர் சேரிடமிருந்து என்னிடம் மிச்சமிருப்பது அந்தப் பயம்தான். அதை விடையைச் சொல்லித் தீர்த்துக்கொள்ள மாட்டேன்.